வலது கை

“மெதுவா. அந்தக் கை அவருக்கு வலிக்கும்” என்றான் ஹம்மாத்.

சொன்ன பிறகுதான் உறைத்தது. பள்ளிவாசலிலிருந்து இறந்தவரின் மய்யித்தைக் குளிப்பாட்ட வந்திருந்த பீர் முஹம்மது ஒரு கணம் நிமிர்ந்து பார்த்தார். அக்குளைக் கழுவுவதற்காக ஹம்மாத்தின் தகப்பனார் அப்துல் கரீமின் வலது கையைத் தூக்கினார். ஹம்மாத் பல்லைக் கடித்தான்.

கை தோள் மட்டத்தில் நிற்கவில்லை. மேலே போனது. காதை ஒட்டித் தலைக்கு மேல் நேராக நீண்டது.

“தண்ணி ஊத்துங்க தம்பி.”

ஊற்றினான். இலந்தை இலை போட்ட வெதுவெதுப்பான தண்ணீர்.

அத்தா விடிகாலைத் தொழுகையை முடித்து நாற்காலியில் உட்கார்ந்தபடியே போயிருந்தார். இரண்டு மணி நேரம்கூட ஆகவில்லை. உடம்பு விறைக்கத் தொடங்கவில்லை. ஆனால் அந்தத் தோள் ஒன்றரை வருஷமாக இறுகிக் கிடந்தது. போன ஞாயிற்றுக்கிழமைகூட ஹம்மாத்தின் கண் முன்னால், சட்டையைக் கழற்ற முடியாமல் அம்மாவைக் கூப்பிட்டார்.

அவர் ஃபேன் மெக்கானிக். தோள் இறுகியதும் வேலை நின்றது. மயக்க மருந்து கொடுத்து இளக்கிவிடலாம் என்று ஒரு டாக்டர் சொல்ல, ஹம்மாத் நாள் குறித்தான். கரீம் மறுத்தார். அடையாறில் ஒரு பிசியோதெரபி ஆராய்ச்சியில் பேர் கொடுத்துவிட்டு வந்தார். கத்தி இல்லை, ஊசி இல்லை. வாரம் இரண்டு நாள் தோளுக்குக் காந்த மெஷின். தினமும் வீட்டுச் சுவரில் விரல்களைப் படிப்படியாக மேலே ஏற்றும் பயிற்சி. பாதிப் பேருக்கு மெஷின் வேலை செய்யும், பாதிப் பேருக்கு விளக்கு மட்டும் எரியும், யாருக்கு எது என்று கை உயர்வதை அளக்கிற பெண்ணுக்கே தெரியாது என்று அவரே பெருமையாகச் சொன்னார்.

“பொம்ம மெஷினுக்கா அத்தா அவ்ளோ தூரம் போறீங்க?” என்று ஹம்மாத் கேட்டான்.

கரீம் கூடத்து ஃபேனைக் காட்டினார். அது ஒரு வருஷமாக டக் டக்கென்று அடித்துக்கொண்டிருந்தது. இன்னொரு மெக்கானிக் அதைத் தொட அவர் விடவில்லை. நோன்புப் பிறைக்குள் அதை நானே கழற்றி மாட்டுவேன், இல்லாவிட்டால் நீ சொல்கிற ஆஸ்பத்திரியில் படுக்கிறேன் என்றார். அதற்குப் பிறகு ஹம்மாத் ஒவ்வொரு ஞாயிறும் நங்கநல்லூரிலிருந்து வந்தான். இருவரும் கையைப் பற்றிப் பேசவில்லை.

கஃபன் துணி சுற்றிக் கூடத்தில் கிடத்தினார்கள். கச்சேரி ரோட்டுச் சந்து ஜனத்தில் பாதி வீட்டுக்குள் இருந்தது. அத்தை மகள் ஷகீலா புழுக்கம் தாங்காமல் சுவிட்சை நோக்கிப் போனாள். வேண்டாம், சத்தம் போடும் என்று ஹம்மாத் தடுத்தான். பெண்கள் செய்தித்தாளால் விசிறிக்கொண்டார்கள். கமர் ஜஹான் மகனைப் பார்த்தாள். உதடு துடித்தது. முந்தானையால் வாயை மூடிக்கொண்டாள். அழுகிறாள் என்று நினைத்தான்.

சந்து முனையில் ஆட்டோவில் சாய்ந்து நின்றார் வடிவேலு. கரீமை அடையாறுக்குக் கூட்டிப்போய் வந்தவர். கை எப்போது சரியானது என்று ஹம்மாத் கேட்டான்.

“ஒரு மாசம் கீது நைனா. நீ வந்தா மட்டும் ஆக்டிங்கு. நாளைக்கி உன்ன ஃபேனுக்குக் கீழ குந்த வெச்சு சுச்சு போடணும்னு இருந்தாரு. எவனாவது வாயத் தொறந்தா தோல உரிச்சிருவேன்னாரு.”

“அப்போ மெஷின் வேலை செஞ்சிருக்கு.”

வடிவேலு சிரித்தார்.

“பாய் பாக்கெட்டுல எப்பவும் ஒரு இரும்பு வாஷர் கெடக்குமே. மொத நாளே அத மெஷினாண்ட புடிச்சுப் பாத்துட்டாரு. பக்கத்து கட்டிலு மெஷின்ல துடிக்குதாம். இவரோடதுல சும்மா கெடக்குதாம்.”

“தெரிஞ்சும் போனாரா?”

“அந்தப் பொண்ணு ஒழுங்கா எழுதிக்கினு கீது, நான் சொன்னா அதோட ஆராய்ச்சி கெட்டுப்பூடும்னாரு. வீட்ல சொவுத்துல தெனம் நூறு வாட்டி. நடுவுல நாப்பதுலேர்ந்து அறுவதுக்குத் தாவுவாரு. உங்கம்மா உடாது. திரும்ப ஒண்ணுலேர்ந்து எண்ண வெக்கும்.”

ஹம்மாத்துக்குச் சிரிப்பு வந்தது. யாராவது பார்க்கிறார்களா என்று திரும்பினான். தோளில் பையோடு தமிழ்நிலா வந்துகொண்டிருந்தாள். அளக்கிற பெண். கரீமின் கடைசி அளவு திங்கட்கிழமை எடுக்க வேண்டியது. அதை நினைவுபடுத்தக் காலையில் போன் செய்தபோதுதான் அவளுக்குத் தெரிந்தது.

குளிப்பாட்டும்போது கை முழுசாக மேலே போனதை ஹம்மாத் சொன்னான். அவள் முகம் மலர்ந்து உடனே சுருங்கியது.

“அத எழுத முடியாதுண்ணா. அவரா தூக்கியிருக்கணும்.”

கண்ணைத் துடைத்துக்கொண்டாள். கொஞ்சம் தயங்கினாள்.

“மெஷினப் பத்தி அங்கிள் எதாவது சொன்னாரா?”

வடிவேலு ஆட்டோக் கண்ணாடியைத் துடைக்கத் தொடங்கினார். அன்று அத்தாவிடம் ஹம்மாத் சொன்ன ‘பொம்ம’ என்ற அதே சொல் இப்போதும் நாக்கில் இருந்தது. சரியாகவும் இருந்தது.

“மெஷினப் பத்தி ஒண்ணும் சொன்னதில்ல. உங்களப் பத்திதான் சொல்லுவாரு” என்றான். “ஒழுங்கா எழுதுற பொண்ணுன்னு.”

அவளை உள்ளே அழைத்துப் போனான். பெண்கள் நகர்ந்து இடம் கொடுத்தார்கள். அவள் கரீமின் முகத்தைப் பார்த்துக்கொண்டு நின்றாள். கழுத்தில் வியர்வை வழிந்தது.

“ஃபேனப் போடு” என்றாள் கமர் ஜஹான்.

ஹம்மாத் சுவிட்சைத் தட்டினான். ஷகீலா காதைப் பொத்திக்கொண்டாள். இறக்கைகள் ஒரு சுற்று சுற்றின. வேகம் எடுத்தன. பெண்கள் ஒவ்வொருவராகச் செய்தித்தாளைக் கீழே வைத்தார்கள். ஷகீலா காதிலிருந்து கையை எடுத்துவிட்டு மேலே பார்த்தாள். கமர் ஜஹான் முந்தானையை வாயில் அழுத்திக்கொண்டாள். தோள்கள் குலுங்கின.

ஹம்மாத்தும் நிமிர்ந்து பார்த்தான். ஃபேன் தொங்கும் கொக்கிக்குப் பக்கத்தில், வெள்ளையடித்த கூரையில், கறுப்பாக கிரீஸ். ஐந்து விரல்களும் விரிந்த வலது கை.