பள்ளி வராந்தாவில் ஒரு சமோவார்

1

இந்தக் கதை ஆசையில் பிறக்கவில்லை, எரிச்சலில் பிறந்தது. மட்டாஞ்சேரியில் எங்கள் தெருமுனைத் தமிழ்ப் பள்ளிக்கு வருகிற ஜூனில் ஆண்டுமலர் போடுகிறார்களாம். மலர்க் குழுவிலிருந்து இருவர் வந்து திண்பண்டம் எதுவும் வேண்டாமென்று சொல்லிவிட்டு எல்லாவற்றையும் தின்றார்கள். பிறகு, "பள்ளியும் ஊரும் கைகோத்தால் குழந்தைகள் படிப்பு செழிக்கும்னு ஒரு கதை வேணும் மாமி. மூணு பக்கம். முடிவு மட்டும் நன்னா இருக்கணும்" என்றார்கள். கதையைப் பற்றி அவர்களுக்குக் கவலையில்லை. கல்யாணத்துக்கு வராமல் பாயசத்துக்கு மட்டும் வருகிறவர்கள் மாதிரி முடிவை மட்டும் கேட்டார்கள்.

முதல் வரியே வரவில்லை.

"கல்வியே ஒரு சமுதாயத்தின் கண்—" (அடித்தாயிற்று. எனக்கே கொட்டாவி வந்தது.)

"காயல் காற்றில் குருமிளகு மணம் மிதந்துவர, விசாலாக்ஷி டீச்சர்—" (இதுவும் போயிற்று. இந்த ஊரில் பிறந்தவர்களுக்கு மிளகு மணப்பதில்லை. மூக்கு மரத்துப்போய் வெகு காலமாகிறது.)

"விசாலாக்ஷி டீச்சருக்கு அன்று அழுகை வந்தது."

இதை வைத்துக்கொள்ளலாம் என்றிருந்தேன். விசாலம் எனக்கு அடுத்த வீடு. நடந்ததெல்லாம் அவளுக்குத்தான் நடந்தது. படித்துக் காட்டினேன்.

"யாருக்கு அழுகை வந்தது? எனக்கு வந்தது கோபமாக்கும். அழுகையை நீயே வெச்சுக்கோ கங்கா" என்றாள்.

ஆகவே கோபத்திலிருந்து தொடங்குகிறேன்.

2

போன ஜனவரியில், அதாவது ஆயிரத்துத் தொள்ளாயிரத்து அறுபத்தொன்று பிறந்ததும், விசாலாக்ஷியின் நான்காம் வகுப்பில் பாதி பெஞ்சுகள் காலியாகிவிட்டன. மிளகு வரத்துத் தொடங்கினால் அப்படித்தான். அம்மாக்கள் பாண்டிகசாலைகளுக்கு, அந்தப் பெரிய சரக்குக் கிடங்குகளுக்கு, மிளகு புடைக்கப் போய்விடுவார்கள். கைக்குழந்தைகளை யார் பார்ப்பது? நான்காம் வகுப்பு பார்க்கும்.

ஹெட்மாஸ்டர் அனந்தநாராயணன், "ரக்ஷகர்த்தாக்கள் யோகம் கூட்டுங்கோ டீச்சர்" என்றார். பெற்றோர் கூட்டத்தைக் கூட்டினாள். ஒரே ஒரு ஆள் வந்தார். பால் பவுடர் எப்போது தருவார்கள் என்று கேட்டுவிட்டுப் போனார்.

வீடு வீடாகப் போனாள். எல்லோரும் முக்காலியைத் துடைத்துப் போட்டு உட்கார வைத்தார்கள், தலையை ஆட்டினார்கள், நாளைக்கே அனுப்புகிறோம் என்றார்கள். யாரும் அனுப்பவில்லை. பொய் சொன்னார்கள் என்று சொல்ல முடியாது. டீச்சரை வாசலிலிருந்து மரியாதையாகக் கிளப்புவதற்கு அதைவிட நல்ல வார்த்தை அவர்களுக்குக் கிடைக்கவில்லை.

திரும்பி வரும் வழியில்தான் அவளுக்கு உறைத்தது. இவர்களுக்குப் பள்ளிக்கூடம் என்றால் போலீஸ் ஸ்டேஷன் மாதிரி. பிள்ளை தப்பு செய்தால்தான் கூப்பிடுவார்கள். சந்தோஷமாக அந்தப் படியேற ஒரு காரணம் வேண்டும். நாடகம் போட்டால் என்ன? பிள்ளைகளை வைத்து அல்ல, பெற்றவர்களை வைத்து.

எழுதப் படிக்கத் தெரியாத ஒரு ராஜா, மந்திரி நீட்டியதற்கெல்லாம் முத்திரை குத்தி நாட்டைத் தொலைக்கிற கதையை அவளே எழுதினாள். (நன்றாகத்தான் இருந்தது. கொஞ்சம் நீளம். சொன்னால் கோபித்துக்கொள்வாள், அதனால் அடைப்புக்குறிக்குள் சொல்கிறேன்.)

3

வந்தார்கள். கூட்டத்துக்கு வராத ஊர் நாடகத்துக்கு வந்தது. அரிசிக்கடை நீலகண்டன் ஒட்டுமீசையோடு வந்தார். எல்லோருக்கும் ராஜா வேஷம் வேண்டும். மந்திரிக்கு ஆளில்லை, சேவகனுக்கு ஆளே இல்லை. நீலகண்டன் ராஜாவின் வசனத்தை அரிசி விலை சொல்கிற மாதிரி படித்தார்.

படகுத்துறைப் பக்கம் சாயாக்கடை வைத்திருக்கும் ராசப்பன் அன்று பெற்றவனாக வரவில்லை. ஹெட்மாஸ்டர் சொல்லியனுப்பிய சாயாவைக் கொண்டுவந்திருந்தான். கிளாஸ்களைப் பரப்பி வைத்துவிட்டுக் கொஞ்ச நேரம் நின்று கேட்டான்.

"டீச்சரே, நான் ஒருக்கா சொல்லிப் பாக்கட்டா? வாசிக்கத் தெரியாது. நீங்க சொல்லுங்க, பின்னால சொல்லுதேன்."

விசாலாக்ஷி ஒரு வரியைச் சொன்னாள். ராசப்பன் தோளில் கிடந்த துண்டை உதறிப் போட்டுக்கொண்டு நிமிர்ந்தான்.

"முத்திரை குத்தும் கை என்னுடையது. அதற்கு மேலே எழுதியிருப்பது என்னவென்று எனக்கு யாரடா சொல்வது?"

பள்ளி முற்றத்தில் ராஜா வேஷம் கேட்டவர்கள் அவனுக்கு வழிவிட்டு விலகினார்கள். நீலகண்டன்கூட மீசையைக் கழற்றிச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார்.

(நீலகண்டனைப் பற்றி ஒரு சந்தேகம். கதைக்கு வில்லன் ஒருவன் தேவைப்பட்டதால் அவரைக் கொஞ்சம் மோசமாக எழுதியிருந்தேன். "பாவம்டீ, நாடகத்துக்குப் பெட்ரோமாக்ஸ் தந்தது அவராக்கும்" என்றாள் விசாலம். ஆகவே இந்தக் கதையில் வில்லன் கிடையாது. எப்படிச் சமாளிப்பேன் என்று எனக்கே தெரியவில்லை.)

தினமும் மூன்று மணிக்கு ஒத்திகை. ராசப்பனின் மகள் பாக்கியலக்ஷ்மி விசாலாக்ஷியின் வகுப்புதான், கெட்டிக்காரி. கடையில் ஆள் குறைந்த நேரம் பார்த்து அவள் வசனத்தை வாசிக்க, அப்பா சாயா ஆற்றிக்கொண்டே பாடம் பண்ணினான். பெற்றவர்கள் வராந்தாவில் நின்று, "எம் பிள்ளை கணக்கு எப்படிப் போடுதான் டீச்சர்?" என்று கேட்க ஆரம்பித்தார்கள். விசாலாக்ஷி அந்த நாட்களில் இரவு நன்றாகத் தூங்கினாள்.

இங்கே நிறுத்தியிருந்தால் மலர்க் குழு எனக்குப் பொன்னாடை போர்த்தியிருக்கும்.

4

பிப்ரவரி நடுவில் ஒரு நாள் மதியம் விசாலாக்ஷி வருகைப் பதிவு எடுக்க நிமிர்ந்தாள். வகுப்பில் முன்னைவிடக் கூட்டம் குறைவு.

அவளுக்குப் புரியவில்லை. பெற்றவர்கள் தினமும் வருகிறார்கள். பிள்ளைகள் எங்கே?

மூன்று மணி அடித்ததும் ஒத்திகைக்குப் போகாமல் படகுத்துறைக்கு நடந்தாள். ராசப்பன் கடையில் பிரம்புக் கூடையைக் கவிழ்த்துப் போட்டு அதன் மேல் பாக்கியலக்ஷ்மி நின்றிருந்தாள். முன்னால் செம்புச் சமோவார், வயிற்றில் கரி கனன்று தலையில் தண்ணீர் கொதிக்கிறது. சாக்குமூட்டை இறக்கும் சுமட்டுக்காரர்கள் சுற்றி நின்று, "மோளே, ஒரு சாயா" என்று அதட்டிக்கொண்டிருந்தார்கள். அவள் மணிக்கட்டில் ஆவி அடித்த கொப்புளம்.

"அப்பா எங்கே?"

"நாடகத்துக்குப் போயாச்சு டீச்சரே. அங்கேதானே வந்திருப்பாரு? நீங்க காணலியா?"

"நீ ஏன் வரலை?"

அந்தக் குழந்தை டீச்சரைப் பரிதாபமாகப் பார்த்தாள். "கடை இருக்கில்லே?"

மூன்று மணி ஒத்திகைக்கு அப்பா போகவேண்டுமானால் இரண்டு மணிக்கே மகள் கடைக்கு வந்தாகவேண்டும். கூலிக்கு ஆள் வைத்திருந்த அரிசிக்கடை தவிர எல்லாக் கடையிலும், எல்லா வீட்டிலும் இதே ஏற்பாடு. பிள்ளைகள் படிக்க வேண்டுமென்று பெற்றவர்களைப் பள்ளிக்கு இழுத்தாள். அவர்கள் வந்தார்கள், பிள்ளைகளைத் தங்கள் இடத்தில் நிறுத்திவிட்டு.

(இந்த இடத்தில் அவள் அழுதாளா என்று மறுபடி கேட்டேன். கதவைச் சாத்திவிட்டாள்.)

5

ஒத்திகை நடந்துகொண்டிருந்தது. விசாலாக்ஷி நேரே நடுவில் போய் நின்றாள்.

"மதி, போதும்! எல்லாரும் நிறுத்துங்கோ. நாளை முதல் யாரோட குழந்தை மதியம் வகுப்பில் இல்லையோ, அவாளுக்கு வேஷம் கிடையாது."

முணுமுணுப்பு எழுந்தது. ராசப்பன் அட்டைக் கிரீடத்தைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டான்.

"அப்போ கடையை யாரு பாக்குறது டீச்சர்?"

"அது என் பாடா? நான் கேட்டது ஒரு நாடகம். பாக்கியத்தோட கை கொப்புளிச்சிருக்கு, கண்டேளா?"

"கண்டேன். எண்ணெய் போட்டுவிட்டதே நான்தான்." அவன் குரல் ராஜாவின் குரல் இல்லை. "எங்கப்பன் ஏறாத படி இது. நானும் ஏறினதில்ல. வா வான்னு ஏத்திவிட்டது நீங்க. இப்போ எறங்குன்னா, எப்படி டீச்சர்?"

விசாலாக்ஷி எரிச்சலில் வாயில் வந்ததைச் சொன்னாள்:

"அப்படீன்னா கடையை இங்கேயே தூக்கிண்டு வாங்கோளேன்!"

மறுநாள் மதியம் ராசப்பன் சமோவாரைத் தலையில் தூக்கிக்கொண்டு பள்ளிக்கூடப் படியேறினான்.

6

(வாசகர்களே, இதை நான் கற்பனை செய்யவில்லை. செய்திருந்தால் இன்னும் கொஞ்சம் நம்பும்படி செய்திருப்பேன். மூன்றாம் பக்கமும் தாண்டிவிட்டது. மலர்க் குழு மன்னிக்கட்டும், அல்லது வேண்டாம்.)

வேஷம் போய்விடுமே என்று மற்றவர்களும் பிள்ளைகளை வகுப்புக்கு அனுப்பினார்கள். பாக்கியலக்ஷ்மியும் வகுப்பில் உட்கார்ந்தாள். அப்பா வராந்தாக் கோடியில் சாயா ஆற்றினான், கை ஒழிந்தபோது ராஜாவானான். சாயாவைத் தேடிச் சுமட்டுக்காரர்கள் பள்ளிக்குள் வந்தார்கள். வந்தவர்கள் ஒத்திகை பார்க்க உட்கார்ந்தார்கள். உட்கார்ந்தவர்களிடம் விசாலாக்ஷி, "உங்க குழந்தைகள் எந்த ஸ்கூள்?" என்று கேட்டாள். அவர்களில் சிலர் எழுந்து போனார்கள். ஒருவன் மறுநாள் தன் மகளைக் கையைப் பிடித்து அழைத்து வந்தான்.

ஹெட்மாஸ்டர் அனந்தநாராயணனுக்கு ரத்தக் கொதிப்பு உண்டு.

"இது ஸ்கூளா, சாயாக்கடையா? பரீக்ஷைக்கு முன்னாடி அந்தப் பாத்திரம் வெளியே போகணும். இல்லையோ, நாடகமும் கிடையாது, டீச்சருக்கு என் ரிப்போர்ட்டும் நன்னா இருக்காது."

அவரைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. வராந்தாவில் கரி எரிவதை எந்த இன்ஸ்பெக்டர் பொறுப்பார்? விசாலாக்ஷி ராசப்பனிடம் சொன்னாள். "ஆகட்டும் டீச்சர்" என்றான். எடுக்கவில்லை.

7

மார்ச்சில் ஆண்டுப் பரீட்சை. கணக்கு. விசாலாக்ஷி கேள்வித்தாளைக் கொடுத்துவிட்டு நிமிர்ந்தபோது பெஞ்சுகள் நிறைந்திருந்தன. பாக்கியலக்ஷ்மி நாக்கைக் கடித்துக்கொண்டு எழுதினாள். ஜன்னலுக்கு வெளியே பெற்றவர்கள் வராந்தாச் சுவரோரம் வரிசையாகக் குந்தியிருந்தார்கள். பிள்ளை பாதியில் எழுந்து கடைக்கு ஓடிவிடக்கூடாதென்று காவல். வராந்தாக் கோடியில் சமோவார்.

ஹெட்மாஸ்டர் அப்போதுதான் படியேறினார். சமோவாரைக் கண்டார். முகம் சிவந்தது.

"ராசப்பா! எத்தனை தரம் பறைஞ்சேன்! எடுடா இதை! இந்தக் க்ஷணம்—"

ராசப்பன் துள்ளி எழுந்தான். கையிலிருந்த கிளாஸைக் கீழே வைத்துவிட்டு ஹெட்மாஸ்டருக்கு நேரே வந்தான். சத்தம் கேட்டு விசாலாக்ஷி ஜன்னலுக்கு ஓடி வந்தாள். அடித்துவிடுவானோ என்றுகூட நினைத்தாளாம்.

"சார், மெதுவா" என்றான் ராசப்பன். "உள்ளே பிள்ளைங்க பரீட்சை எழுதுது."

ஹெட்மாஸ்டர் மறுபடி வாயைத் திறந்தார். சுவரோரமிருந்த சுமட்டுக்காரன் ஒருவன் அவரைப் பார்த்து உதட்டில் விரல் வைத்து, "ஷ்!" என்றான். மிளகு புடைக்கும் பெண் ஒருத்தி, தினமும் நூறு மூட்டைக்கு அப்பால் கேட்கும்படி கத்துகிறவள், அவளும் "ஷ்!" என்றாள்.

"எடுக்கிறேன் சார். இப்போ எடுத்தா சத்தம் வரும். மணியடிக்கட்டும்."

ஜன்னலில் நின்ற விசாலாக்ஷியும் பழக்க தோஷத்தில் உதட்டில் விரல் வைத்துவிட்டாள். எதிரே நின்றது தன் மேலதிகாரி என்பது அதற்குப் பிறகுதான் நினைவுக்கு வந்தது.

அனந்தநாராயணன் செருப்புச் சத்தம் கேட்காமல் தன் அறைக்கு நடந்துபோனார். மணியடித்தது. ராசப்பன் சமோவாரைத் தூக்கிக்கொண்டு படியிறங்கினான். பிறகு அது பள்ளிக்கு வரவில்லை.

(நாடகமா? பள்ளி அடைக்கிற நாளன்று நடந்தது. ராசப்பன்தான் ராஜா. இரண்டாம் காட்சியில் கூட்டத்திலிருந்து யாரோ "ராசப்பா, ஒரு கடுஞ்சாயா!" என்று கத்த, சிம்மாசனத்திலிருந்த ராஜா, "இதா வந்தாச்சு" என்றார்.)

8

பாக்கியலக்ஷ்மி தேறிவிட்டாள்.

முடிவு ஒன்று, மலர்க் குழுவுக்காக: "இவ்வாறாகப் பள்ளியும் ஊரும்—" முடியவில்லை. பேனா வர மறுக்கிறது.

முடிவு இரண்டு: ஹெட்மாஸ்டரும் ராசப்பனும் ஒரே பெஞ்சில் சாயா குடிக்கிறார்கள். விசாலத்திடம் காட்டினேன். "அந்த மனுஷன் காப்பிதான் குடிப்பார்" என்றாள். அதோடு போயிற்று.

பிறகு அவளே சொன்னாள், அலுப்பாக: "நீ என்ன பரீக்ஷையோட நிறுத்தறாய்? நம்ம ஸ்கூள் நாலாம் கிளாஸோட தீர்ந்துதே. அஞ்சுக்குக் கோட்டைப் பக்கத்துப் பெரிய ஸ்கூளுக்குன்னோ போகணும்? நேத்து ராசப்பனைப் பார்த்தேன். டி.சி. வாங்கி மடிச்சு வெச்சிருக்கான். போய்ச் சேர்த்தாச்சோன்னு கேட்டேன். என்ன பறைஞ்சான் தெரியுமோ?"

"என்ன?"

"'அங்கே எனக்கு ஆரையும் தெரியாதே டீச்சர்'னான்."

நான் பேனாவை மூடி வைத்தேன்.

"எல்லா ஸ்கூளுக்கும் நானே நாடகம் எழுதிண்டிருக்க முடியுமோ? ஜூன்ல எனக்குப் புது வகுப்பு. மறுபடியும் பாதி பெஞ்சு காலி. எனக்கு வயசாறது கங்கா" என்று கத்திவிட்டு எழுந்து போனாள்.

இது மே மாதம். இந்த மலர் உங்கள் கைக்கு வரும்போது பள்ளிகள் திறந்திருக்கும். ராசப்பன் ஒரு நாள் காலையில் மகளைக் கூட்டிக்கொண்டு அந்தப் பெரிய கேட் வரைக்கும் போவான், அது எனக்கு நிச்சயம். உள்ளே போவானா, கேட்டருகே கொஞ்சம் நின்றுவிட்டுச் சாயாக்கடைக்குத் திரும்பிவிடுவானா, அது என் பேனாவில் இல்லை.

அந்தப் பள்ளியில் உங்களுக்கு யாரையாவது தெரியுமா?