நிரஞ்சலாவின் கிண்ணத்தில் இன்னொரு கரண்டி

1

உண்மையைச் சொல்லிவிடுகிறேன். இந்தக் கதை பிறந்தது பதுளை ஆஸ்பத்திரிக்குப் பக்கத்துத் தேத்தண்ணிக் கடையில், என் மூன்றாவது ரோல்ஸுக்கும் நான்காவதற்கும் நடுவில். எதிர் மேசையில் ஒரு பெண், கரண்டியில் எடுத்த சோற்றை வாயில் வைக்காமல், பரீட்சைத் தாளைப் பார்ப்பதுபோலப் பார்த்துக்கொண்டிருந்தாள். பக்கத்தில் கணவர். நான் கண்டது அவ்வளவுதான். மீதியெல்லாம் என் கைச்சரக்கு.

2

முதல் வரி: 'ஹல்துமுல்லை மலையில் மரணம் பனியைப்போல—'

கோடு போட்டு அடித்தாயிற்று. (வாயில் ரோல்ஸை வைத்துக்கொண்டு எழுதுகிற வரியா இது?)

இன்னொரு வரி: நிரஞ்சலா சாப்பிடப் பயந்தாள்.

இது நிற்கட்டும். அவள் தேயிலைத் தோட்டத்தில் கொழுந்து பறிக்கிறவள். குடலில் புற்றுநோய் வந்தது. கெட்ட பகுதியை வெட்டியெடுத்து, மிச்ச இரண்டு முனைகளையும் சேர்த்துத் தைத்துவிட்டார்கள். தையல் ஆறிவிட்டது, இனிக் கொஞ்சம் கொஞ்சமாகப் பல தடவை சாப்பிட வேண்டும் என்றார் டொக்டர். குழைந்த சோறு, தோலுரித்த உருளைக்கிழங்கு, முட்டை. உடம்பு தேறினால்தான் அடுத்த மருந்து ஏற்றலாம். அவளுக்கோ, ஒவ்வொரு கவளமும் தையலில் போய் முட்டி நிற்கும் என்று நினைப்பு. கிளினிக் தராசில் முள் இறங்கிக்கொண்டே வந்தது.

3

கணவர் சிதம்பரநாதன்மேல் எனக்கே சந்தேகம். கடை வேலைக்கு லீவு போட்டுச் சமைக்கிறார். கிழங்கு மசிக்கிறார். மிளகாயைத் திரும்பியும் பார்ப்பதில்லை. இப்படி ஒரு கணவரை யார் நம்புவார்கள்? அதனால் ஒரு குறை வைத்தேன்: நாக்கு. அவள் தள்ளிவைக்கிற தட்டையெல்லாம் அவரே காலி செய்வார்.

"வீணாப் போகுதுல்ல புள்ள."

"ஆமா, ஆப்பரேசன் எனக்கு, பத்தியச் சாப்பாடு ஒங்களுக்கு."

கிளினிக்கில் நர்ஸும் தெறிக்கப்போகிற அவருடைய சட்டைப் பொத்தான்களைப் பார்த்துச் சிரித்தாள். "அம்மாவுக்குச் சொன்னதெல்லாம் ஐயாவுக்குப் போயிருக்கு!"

4

ஒரு பகல். சிதம்பரநாதன் வெலிமடைக் கிழங்கை வெண்ணெய் போட்டு மசித்துக் கொடுத்தார். நிரஞ்சலா இரண்டு கரண்டி தின்றாள். கிண்ணத்தை மூடிவைத்துவிட்டு, நடக்கச் சொன்னார்களே என்று லயத்து வீட்டு வரிசையின் வாசலில் நடந்தாள். திரும்பி வந்தால் கிண்ணம் பளபளவென்று இருக்கிறது.

"என்னாங்க, எங்க என் கெழங்கு?"

"நீ வேணாம்னு வச்சிட்டேன்னு..."

"மூடி வச்சா வேணாம்னு அர்த்தமா? அது என்னா வயிறா, கோயில் உண்டியலா? போடுறதெல்லாம் உள்ள போகுது! எனக்குப் பசிக்குதுங்க!"

சொன்ன பிறகுதான் அது அவளுக்கே கேட்டது. வயிற்றில் கையை வைத்துப் பார்த்தாள். பசியேதான்.

சிதம்பரநாதனுக்குச் சிரிப்பும் வந்தது, கண்ணும் கலங்கியது. "இன்னொரு தடவ சொல்லு புள்ள."

"மொதல்ல கெழங்க உரிங்க!"

(இந்த இடத்தில் நானும் எழுந்துபோய் முகம் கழுவிவிட்டு வந்தேன். வெங்காயம் என்று வைத்துக்கொள்ளுங்கள். மசியலில் வெங்காயம் இல்லைதான்.)

5

முடிவு (அ): தராசு முள் ஏறுகிறது, கிளினிக்கே கைதட்டுகிறது. கதைக்குச் சீனி கூடிவிட்டது.

முடிவு (ஆ): 'ஆனால் விதி—'

நிரஞ்சலா நிமிர்ந்து ஒரு பார்வை பார்த்தாள். அந்த வரியை விழுங்கிவிட்டேன்.

கிளினிக் நாளைக்கு. முள் எங்கே நிற்கும் என்று எனக்குத் தெரியாது. இப்போது புதுக் கிண்ணம் ஆவி பறக்க அவள் மடியில் இருக்கிறது. ஊதி ஊதிச் சாப்பிடுகிறாள். எதிரில் அவர், உப்புப் பார்க்கிற சாக்கில், கரண்டியோடு நெருங்குகிறார்.

எனக்கு எழுத்து வேலை இருக்கிறது. நீங்கள் சும்மாதானே இருக்கிறீர்கள்? அவர் கையைக் கொஞ்சம் பிடித்துக்கொள்ளுங்கள். அவள் சாப்பிட்டு முடிக்கட்டும்.