தவிட்டுக்கு வாங்காத பிள்ளை

மேட்டுக் காலனி சுலோச்சனா, பெற்ற மகள் அம்முலுவுக்கு ஒரு வயதுக்குமேல் ஒரு நாள்கூடத் தலை வாரிவிட்டதில்லை. வாரவேண்டிய அவசியம் வரவில்லை. பொழுது விடிந்து பிள்ளை பாயைவிட்டு எழும்போதே எண்ணெய் வைத்து, வகிடெடுத்து, இறுக்கிப் பின்னி, மலையில் மட்டும் பூக்கிற வெள்ளைப் பூவையும் வைத்து யாரோ தயார் பண்ணியிருப்பார்கள். யாரோ என்ன யாரோ, மலைக்கன்னியம்மன்தான். மானாம்பதிப் பக்கத்தில் இது எல்லோருக்கும் தெரியும். அதிசயம் என்று வாய் பிளப்பவர்கள் வெளியூர்க்காரர்கள்தான். உள்ளூர்க்காரர்கள், இந்த வருஷம் ஏரி ரொம்பவில்லை என்று சொல்கிற அதே குரலில் இதையும் சொல்லிவிட்டு நாற்று நடப் போய்விடுவார்கள்.

நடந்தது தொண்ணூற்றொன்றாம் வருஷத்து ஆடித் திருவிழாவில். சுலோச்சனாவுக்கு முதல் பிள்ளை தீட்டுக் கழியும் முன்பே போய்விட்டது. இரண்டாவது, பல் முளைக்கிற சமயத்தில் பேதியில் போனது. மூன்றாவதாகத் தங்கியவள் அம்முலு. இப்படிப் பிள்ளை தங்காத வீட்டில், அடுத்துப் பிறந்ததை மலைக்கன்னிக்கு விற்றுத் தவிட்டுக்கு வாங்கிவிடுவது அந்தப் பக்கத்து வழக்கம். தவிட்டுக்கு வாங்கின பிள்ளையை எமன்கூடச் சீந்தமாட்டான் என்பது கணக்கு. பெற்றவள் பிள்ளையை அம்மன் முன்னால் இருக்கிற பலகைக்கல்லில் போட்டு, இது உன் பிள்ளை என்று சொல்லிவிட்டுத் திரும்பிப் பார்க்காமல் அடிவாரத்துக்கு இறங்கிவிட வேண்டும். பிறகு புருஷனும் பெண்டாட்டியுமாக, யாரோ எவரோ போல மறுபக்கத்துப் பாதையில் ஏறிவந்து, அம்மன் முறத்தில் தவிட்டைக் கொட்டி, பிள்ளையைக் கேட்டு வாங்க வேண்டும். அவ்வளவுதான் சடங்கு. எத்தனையோ பேர் செய்து, பிள்ளைகளும் எருமைபோல வளர்ந்து நிற்கின்றன.

அன்றைக்கு மலையில் கால் வைக்க இடமில்லை. உத்திரமேரூரிலிருந்து வந்த பஸ்ஸெல்லாம் ஒரு பக்கமாகச் சாய்ந்துகொண்டு வந்தன. அடிவாரத்தில் ராட்டினம், பொரிக்கடை, கூழ் ஊற்றுகிற அண்டா, காது கிழிகிற மைக் செட். சுலோச்சனாவின் புருஷன் கன்னியப்பன், துண்டில் முடிந்த தவிட்டோடு ராட்டினத்தை அண்ணாந்து பார்த்தபடி அவளுக்காகக் கீழே காத்துக்கொண்டிருந்தான். மேலே சுலோச்சனா பிள்ளையைக் கல்லில் போட்டாள். சொல்ல வேண்டியதைச் சொன்னாள். திரும்பிப் பார்க்காமல்தான் இறங்கினாள். பாதி மலையில், அத்தனை பம்பைச் சத்தத்துக்கு நடுவில், அம்முலு வீறிட்டு அழுவது அவளுக்குக் கேட்டுவிட்டது. ரவிக்கை பாலில் நனைந்துவிட்டது. இரண்டு பிள்ளையைக் குழியில் வைத்தவள் மூன்றாவது பிள்ளை கல்லில் கிடந்து கத்தும்போது சடங்கையா நினைப்பாள்? விழுந்தடித்து ஏறி, பிள்ளையை வாரி மாரோடு சேர்த்து, முந்தானையால் மூடி, வந்த வழியே ஓடிவந்துவிட்டாள். பூசாரி கிருஷ்ணசாமி கத்தியது மைக் செட்டில் அமுங்கிப்போனது.

சாயங்காலம் அவரே காலனிக்கு வந்து சொன்னார்.

"வித்துட்ட. வாங்கல. நடுவுல தூக்கிக்கினு ஓடியாந்துட்ட. இப்ப அது ஆத்தா புள்ள சுலோச்சனா. உன் வூட்டுல கீது, அவ்ளோதான்."

"பால் குடுக்கத்தான மாமா தூக்கினேன்" என்றாள் அவள்.

அதுதான் அவள் கொடுத்த கடைசிப் பால். மறுநாள் காலையில் பிள்ளை மஞ்சள் பூசிக் குளித்து, வயிறு முட்டச் சாப்பிட்டு, வாயில் தேனும் தினையும் மணக்கப் படுத்திருந்தது. மார்பைக் கொண்டுபோனால் முகத்தைத் திருப்பிக்கொண்டது. சுலோச்சனா பாலைப் பீய்ச்சிச் சுவரோரம் ஊற்றினாள், மூன்றாவது தடவையாக. முன்னே இரண்டு தடவையும் பிள்ளை செத்து ஊற்றினாள். இந்தத் தடவை பிள்ளை எதிரிலேயே கையைக் காலை ஆட்டிச் சிரித்துக்கொண்டிருந்தது.

அதற்கப்புறம் வருஷங்கள் போயின. அம்முலுவுக்கு வீட்டில் பசித்ததே இல்லை. பள்ளிக்கூடத்து முட்டையைப் பக்கத்துப் பிள்ளைக்குக் கொடுத்துவிடுவாள். பாவாடை கிழிந்தால் மறுநாள் தைத்திருக்கும். குழம்பு கொதிக்கிறதா என்று சுலோச்சனா ஒரு கணம் அந்தப் பக்கம் பார்த்துவிட்டுத் திரும்பினால், பிள்ளையின் முகம் துடைத்துப் பொட்டு வைத்திருக்கும். கொடுத்து வைத்தவள், செலவில்லாமல் பிள்ளை வளர்க்கிறாள் என்று காலனிப் பெண்கள் பொறாமைப்பட்டார்கள். பம்ப்செட் நிழலில் அவரவர் மகளை மடியில் கிடத்திப் பேன் பார்த்துக்கொண்டே சொன்னார்கள். அம்முலுவின் தலையில் பேரைச் சொல்ல ஒரு பேன் கிடையாது. சுலோச்சனா அடுத்த வீட்டுப் பெண்ணைக் கூப்பிட்டு உட்காரவைத்து, அவள் தலையில் கைவிட்டுத் துழாவிக்கொண்டிருப்பாள். ஏழு வயதில் அம்முலுவுக்கு அம்மை போட்டது. சொல்லக்கூடாதுதான், ஆனால் அன்றைக்குச் சுலோச்சனாவுக்குச் சந்தோஷம். இப்பவாவது பக்கத்தில் உட்கார்ந்து விசிறலாம் என்று வேப்பிலை ஒடிக்க ஓடினாள். கொத்தோடு திரும்பிவந்தபோது பிள்ளை ஏற்கெனவே வேப்பிலைப் படுக்கையில் தூங்கிக்கொண்டிருந்தது.

இதையெல்லாம்கூடத் தாங்கிக்கொண்டிருப்பாள். கூப்பிடுகிற முறைதான் அவளை அறுத்தது. மலைக்கன்னி கன்னி, அவளுக்குப் புருஷன் கிடையாது. ஆகவே அப்பன் இடம் காலியாகத்தான் இருந்தது. அம்முலு கன்னியப்பனை வாய் நிறைய நைனா என்றாள், அவன் தோளில் ஏறினாள், அவன் சட்டைப் பையில் கடலை தேடினாள். சுலோச்சனாவை, தெருவில் போகிற பெண்களைக் கூப்பிடுவதுபோல அத்தை என்றாள். அன்பில்லாமல் இல்லை. வேலை முடிந்து வந்தால் தண்ணீர் மொண்டு கொடுப்பாள்.

"அத்த, நீ துன்னியா?" என்று கேட்பாள்.

"நான் உன் அம்மாடி" என்று சுலோச்சனா ஒரு தடவை சொல்லிப் பார்த்தாள்.

பிள்ளை மரியாதையாகத் தலையாட்டிவிட்டு, "அம்மா மலை மேல கீது அத்த" என்றது.

ஒவ்வொரு ஆடிக்கும் புருஷனும் பெண்டாட்டியும் தவிடு சுமந்து மலையேறினார்கள். முறத்தில் கொட்டி, பிள்ளையைக் கொடு தாயே என்று மன்றாடினார்கள். அம்மன் நியாயம் தவறாதவள். பிள்ளையைத் தராமல் இன்னொருத்தர் பொருளை வைத்துக்கொள்ளமாட்டாள். மறுநாள் காலையில் அந்தத் தவிடு குருணையும் கல்லும் போகப் புடைத்துச் சலித்து அவர்கள் வாசலில் குவிந்திருக்கும். கன்னியப்பன் அதைக் கொண்டுபோய் அடுத்த வீட்டு மாட்டுக்கு வைத்துவிட்டு வருவான்.

சுலோச்சனாவிடம் ஒன்று மிச்சமிருந்தது. அவர்கள் வழக்கத்தில், பெண் வயசுக்கு வரும்போது முதல் தண்ணீர் பெற்றவள் ஊற்ற வேண்டும். அதற்கென்று ஒரு புதுப் பித்தளைச் சொம்பு வாங்கிப் பானைக்குள் வைத்திருந்தாள். இரண்டாயிரத்து மூன்றில், ஆனி மாசம், களையெடுத்துக்கொண்டிருந்தவளிடம் பிள்ளைகள் ஓடிவந்து சேதி சொன்னார்கள். சேறு கழுவாத காலோடு ஓடினாள். வீட்டுக்குள் அம்முலு பச்சைத் தாவணியில், சொட்டச் சொட்ட ஈரத் தலையோடு, கன்னத்தில் சந்தனம் காயாமல் உட்கார்ந்திருந்தாள். அழகாக இருந்தாள். சுலோச்சனா பானைக்குள் கைவிட்டுச் சொம்பை எடுத்தாள். அதை மடியில் வைத்துக்கொண்டு, பெற்ற வயிற்றில் அடித்துக்கொண்டு, காலனி முழுக்கக் கேட்கும்படி அழுதாள். அம்முலு எழுந்துவந்து, "அழுவாத அத்த" என்று அவள் முதுகைத் தடவிக்கொடுத்தாள்.

அந்த வருஷத்து ஆடித் திருவிழாவுக்கு மூன்று பேரும் போனார்கள். வழக்கம்போலக் கன்னியப்பன் துண்டில் தவிடு. கல்லுக்குப் பக்கத்தில் வந்ததும் சுலோச்சனா அவன் கையைப் பிடித்து நிறுத்தினாள்.

"தவுடு இன்னிக்கு வாணாம்யா. கொட்டிடாத."

"இன்னாம்மே சொல்ற?"

அவள் பூசாரியிடம் போனாள். "மாமா, எங்கம்மா என்னைப் பெத்த மூணா நாளே செத்துப்போச்சி. என்னை விக்கறதுக்கு எனக்கு யாரும் இல்ல. நானே என்னை வித்துக்கலாமா?"

கிருஷ்ணசாமிக்கு அதற்குள் வயதாகிவிட்டது. அவர் அம்மனைப் பார்த்தார், கன்னியப்பனைப் பார்த்தார். அம்மா இல்லாதவளை யாரும் தடுக்க முடியாது என்று கடைசியில் சொன்னார். முப்பத்தைந்து வயதுக்காரி, காய்ப்பேறிய கையும் காலுமாகப் பலகைக்கல்லில் முட்டியை மடக்கிப் படுத்தாள். இது உன் பிள்ளை என்று தன்னையே சொன்னாள். கீழே மைக் செட்டில் ஏதோ பாட்டு ஓடிக்கொண்டிருந்தது. கன்னியப்பன் தவிட்டுத் துண்டை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு நின்றான். ஒரு பிடி கொட்டினால் பெண்டாட்டி கிடைத்துவிடுவாள் என்று அவனுக்குத் தெரியும். கொட்டவில்லை. அம்முலுவை ஒரு தடவை பார்த்தான், பிறகு மூட்டையைத் தோளில் போட்டுக்கொண்டு கீழே இறங்கிப்போனான். அன்றிரவு முதல் அவன் பாய் வாசலில்தான்.

காலையில் சுலோச்சனா விழித்தபோது தலை கனமாக இருந்தது. எண்ணெய் வழிய வாரி, இறுக்கிப் பின்னி, வெள்ளைப் பூ வைத்திருந்தது. வாயில் தேன் இனித்தது. பிறந்ததிலிருந்து ஒருத்தரும் அவளுக்குத் தலை வாரிவிட்டதில்லை. பின்னலைத் தொட்டுத் தொட்டுப் பார்த்தாள். பக்கத்தில் அம்முலு அவளையே உற்றுப் பார்த்துக்கொண்டிருந்தாள், ஏதோ இப்போதுதான் முதல் தடவை பார்ப்பதுபோல. பிறகு நகர்ந்துவந்து, பன்னிரண்டு வருஷமாக வராதவள், அவள் தோளில் தலையைச் சாய்த்துக்கொண்டாள்.

"யக்கா" என்றாள்.

இதில் முறை எப்படி வரும், நைனாவின் பெண்டாட்டி எப்படி அக்கா ஆவாள் என்று காலனியில் ஒரு மாசம் தலையைப் பிய்த்துக்கொண்டார்கள். பிறகு நடவு வந்தது, விட்டுவிட்டார்கள்.

அடுத்த ஆடியில் இரண்டு பேரும் கைகோத்து மலையேறியதை எல்லோரும் பார்த்தார்கள். அடிவாரத்தில் வளையல் போடுகிற பாக்கியமேரி மதுராந்தகத்துக்காரி, அந்த ஊர் சேதி தெரியாதவள். அம்முலுவின் கையைப் பிடித்து அளவு பார்த்துக்கொண்டே, அதே மூக்கு, அதே கண்ணு, உன் பொண்ணாம்மா என்று சுலோச்சனாவைக் கேட்டாள். சுலோச்சனா ஒரு பச்சை வளையலை எடுத்து அம்முலுவின் கையோடு வைத்துப் பார்த்தாள்.

"இல்ல, தங்கச்சி" என்றாள்.

பாக்கியமேரி இரண்டு பேர் கைக்கும் பச்சை வளையல் போட்டு அனுப்பினாள்.