லுவா ஜெயித்த விவாதம்

தென்கொரியாவின் ஹேனாம் கிராமப்புறத்துக்கு வாழ்க்கைப்பட்டு வந்த வெளிநாட்டுப் பெண்களான எங்களுக்குக் கொரிய மொழி வரும். ஆனால் அது வயலுக்கும் அடுப்படிக்கும் போதுமான மொழி. ஒரு கருத்தைச் சொல்லி அதற்காக மல்லுக்கு நிற்க வாய் வராது. அதற்காகத்தான் குடும்ப நல மையத்தில் பாங் டீச்சர் வியாழக்கிழமை மதியங்களில் விவாத வகுப்பு ஆரம்பித்தார்.

சீட்டெடுத்து எந்தப் பக்கம் வருகிறதோ, அந்தப் பக்கம்தான் பேச வேண்டும். சொந்தக் கருத்தென்றால் தெரிந்த வார்த்தைகளையே சுற்றிச் சுற்றி வருவீர்கள், பிடிக்காத கருத்துக்குத்தான் புது வார்த்தை தேடுவீர்கள் என்பார் டீச்சர்.

வியட்நாமிலிருந்து வந்த லுவா முதல் சில வாரங்கள் வாயே திறக்கவில்லை. பிறகு எங்கிருந்தோ ஒரு ருசி வந்துவிட்டது. வீட்டுக்குப் போகும் வழியில் லாரியிலேயே கணவர் தொக்சுவிடம் வாதாடுவாளாம். அவர் முட்டைக்கோஸ் விவசாயி. ஐம்பதைத் தாண்டிய, அதிகம் பேசாத மனிதர். சிரித்துக்கொண்டே தோற்றுப்போவார் என்று என்னிடம் சொல்லிச் சிரிப்பாள். நான் கம்போடியாக்காரி. அவளுக்கு மூத்தவள் என்பதால் அக்கா என்பாள்.

குளிர்காலத்துக்கு முட்டைக்கோஸ் ஊறுகாயான கிம்ச்சி போட்டு முடித்த சமயம். அன்றைய தலைப்பு: தீராத நோய் வந்தவர் அதைக் குடும்பத்தாரிடம் சொல்ல வேண்டுமா? எனக்குச் 'சொல்ல வேண்டும்' என்று சீட்டு வந்தது. லுவாவுக்கு 'வேண்டாம்'. நாங்கள் பேசத் தொடங்கும் நேரத்தில் தொக்சு வந்தார். வழக்கத்தைவிடச் சீக்கிரம். டீச்சர் அவருக்குப் பார்லி டீ கொடுத்துப் பின்வரிசையில் உட்காரவைத்தார்.

என் பக்கம்தான் நியாயம் என்று எனக்குத் தெரியும். ஆனால் பாதியில் வார்த்தை சிக்கிக்கொண்டு நின்றுவிட்டேன்.

"என்னக்கா, வார்த்தைய வீட்டுலயே வச்சுட்டு வந்துட்டீங்களா?" என்றாள் லுவா. எல்லோரும் சிரித்தார்கள். பிறகு அவள் எழுந்தாள்.

"சொன்ன அன்னைலேருந்து அந்த வீட்டுல யாருக்கும் சோறு இறங்காது. அவர் இருமினாலும் பயம், தூங்கினாலும் பயம். ஆள் போறதுக்கு முன்னாடியே அது எழவு வீடாயிடும். தெரியாம இருந்தா இருக்கிற வரைக்குமாவது சிரிச்சுக்கிட்டு இருப்போம். என் மேல பாசம் இருக்கிறவர் அந்தச் சிரிப்ப எங்கிட்டேருந்து பிடுங்கமாட்டார்."

ஒரு இடத்தில்கூடத் தடுக்கவில்லை. டீச்சர் கைதட்டினார். தொக்சுவும் சற்றுத் தாமதமாகத் தட்டினார். அவர் கண் கலங்கியதைப் பார்த்தேன். பெருமை என்று நினைத்துக்கொண்டேன்.

பார்லி கதிர் விடுவதற்குள் அவர் போய்விட்டார். கணையத்தில் புற்று. வயலில் விழுந்தவரைக் குவாங்ஜு நகரத்துப் பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனபோது பேச்சு நின்றிருந்தது.

சாவுக்கு வந்தவர்களுக்கு லுவா கறுப்பு உடையில் சூப் பரிமாறிக்கொண்டிருந்தாள். தொக்சுவின் அக்கா அவளை ஓரமாக அழைத்தார். நான் பக்கத்தில் நின்றேன். தன் நோய் பற்றித் தம்பிக்கு இலையுதிர் காலத்திலேயே தெரியும் என்றார்.

"உங்கிட்ட சொல்லிடணும்னுதான் அன்னைக்குச் சீக்கிரமா கிளம்பி வந்தான். வகுப்புல நீ பேசினதக் கேட்டுட்டு எனக்குப் போன் பண்ணினான். 'அவளுக்குத் தெரிய வேணாமாம் அக்கா, அவ வாயாலயே சொல்லிட்டா'ன்னான்."

லுவா தட்டைக் கீழே வைத்தாள். என் பக்கம் திரும்பினாள்.

"சீட்டுல வந்ததத்தானக்கா பேசினேன். எனக்குச் சொல்லியிருந்தா ஒவ்வொரு நாளும் அவர் பக்கத்துலயே இருந்திருப்பேனே. அன்னைக்கு லாரியில போறப்போ நல்லா பேசினேனான்னு மட்டும்தான் கேட்டேன். ரொம்ப நல்லா பேசினன்னார்."

அவள் கையைப் பிடித்துக்கொண்டேன். வாசலில் புதிதாக ஆட்கள் வந்தார்கள். அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு தட்டை எடுத்தாள்.

வகுப்புக்கு அவள் பிறகு வரவில்லை. வாரச்சந்தையில், அவளோடு ஒரே வீட்டில் இருக்கும் மாமியார் என் கையைப் பிடித்து நிறுத்தினார். "எம்மேலயாவது கோவப்பட்டு ரெண்டு வார்த்தை திட்டச் சொல்லும்மா. வீட்டுல பேச்சுக்குரலே இல்ல" என்றார்.

அடுத்த ஞாயிறு அவர்கள் வீட்டுக்குப் போனேன். லுவா சர்க்கரைவள்ளிக்கிழங்கு சுட்டுத் தந்தாள். தன் மகள் பள்ளிக்கூடத்தில் செய்யும் குறும்பை இரண்டு வரியில் சொன்னாள். பிறகு மாமியாரும் வந்து உட்கார, மூன்று பேரும் கிழங்கை உரித்துத் தின்றோம்.