பொதுச்சுவரில் ஓதம்

எங்கள் தறி அறையின் கிழக்குச் சுவரில் ஓதம் ஏறத் தொடங்கி எட்டு வருடம் ஆகிறது. முதல் ஏழு வருடம் நாங்கள் அதைப் பொருட்படுத்தவில்லை. பட்டு நெய்கிற அறையில் கொஞ்சம் ஈரம் இருப்பது நல்லது. வெயில் காலத்தில் இழை அறாமல் இருக்க நாங்களே தரையில் தண்ணீர் தெளிப்போம். சுவர் அந்த வேலையைச் சும்மா செய்துகொண்டிருந்தது.

எட்டாவது வருடம் ஈரம் இடுப்பு உயரத்தைத் தாண்டியது. காரை பொரிந்து, தறியில் நீளவாக்கில் கட்டிய பாவு நூலின் மேல் உதிர்ந்தது. இளவரசி தினமும் தறியில் இறங்கும் முன் ஒரு பழைய துணியால் தட்டி எடுத்தாள். மாசி மாதம் நெய்து முடித்த ஒரு சேலையின் மடிப்பில் பூஞ்சணம் பிடித்திருந்தது. பாவு கொடுத்து நெய்யச் சொல்கிற முதலாளி அதை விரித்துப் பார்த்துவிட்டு, “இத நீயே கட்டிக்கமா” என்றார்.

இளவரசி என் மனைவி. நான் ஒரகடத்தில் ஒரு கம்பெனியில் ஆறு வருடம் நைட் ஷிப்ட் பார்த்துவிட்டு நின்றுவிட்டேன். ஏன் நின்றேன் என்பதற்கு நல்ல காரணம் எதுவும் என்னிடம் இல்லை. அதன் பிறகு வீட்டில் அடுப்பு எரிவது அவள் தறியால்தான். தறிக்குக் காலை இறக்கி மிதிக்கக் குழி வேண்டும். மேலே பூவேலைக்கான ஜக்கார்டுப் பெட்டிக்கு உயரமான கூரை வேண்டும். வாடகை வீட்டில் தரையைத் தோண்ட யாரும் விடமாட்டார்கள். அந்த அறை போனால் தறி போகும், தறி போனால் மிச்சமும் போகும். இது எங்கள் இருவருக்கும் தெரியும் என்பதால் பேசிக்கொண்டதில்லை.

சுவருக்கு அந்தப் பக்கம் திருஞானசம்பந்தம் இருக்கிறார். என் பெரியப்பா மகன், எனக்கு அண்ணன் முறை. ஒரே வீடாக இருந்ததை எட்டு வருடத்துக்கு முன் பாகம் பிரித்தோம். நடுவில் இருந்த சுவர் பொதுச்சுவர் ஆனது. செங்கல்லும் சுண்ணாம்பும் வைத்துக் கட்டிய பழைய சுவர். இரண்டு வீட்டு உத்தரங்களும் அதன் தலையில் வந்துதான் உட்கார்ந்திருக்கின்றன. பிரித்த அடுத்த மாதமே அவர் தன் பக்கத்தில் சுவரை ஒட்டிப் பாத்ரூம் கட்டி, பைப்பைச் சுவருக்குள்ளேயே பதித்தார். அப்பா போய்க் கேட்டார். “என் பாகத்துல நான் கட்றேன் சித்தப்பா, உங்களுக்கு இன்னா?” என்றார் சம்பந்தம். அத்தோடு பேச்சு நின்றது. அப்பா செத்தபோது அவர் தெருமுனை வரை வந்து நின்றுவிட்டுத் திரும்பிப் போனார். நாங்களும் கூப்பிடவில்லை.

காலை ஆறரைக்கு அந்தப் பக்கம் மோட்டார் ஓடும். ஏழு மணிக்கு எங்கள் சுவரில் திட்டு கறுக்கும். எனக்கு இது தெரியும். அவர் வாசலுக்கும் என் வாசலுக்கும் ஒன்பது அடி. போய்ச் சொல்லியிருந்தால் ஒழுகுகிற பைப்பில் ஒரு எல்போ மாற்றுகிற வேலை.

நான் கான்ட்ராக்டரைக் கூப்பிட்டேன்.

அர்ஜுனன் திருப்புட்குழிப் பக்கத்துக்காரர். இருந்த நிலத்தை விற்றுவிட்டு ஓதம், கரையான், மாடி ஒழுகல் என்று இந்தத் தொழிலுக்கு வந்தவர். கையில் ஒரு சின்னக் கருவி வைத்திருந்தார். ஈரத்தில் வைத்தால் கத்தும். எங்கள் சுவரில் வைத்தார், கத்தியது. நிறுத்தவில்லை.

“எண்பது பர்சண்ட் ஏறியிருக்குதுபா” என்றார்.

“நூறு ஆனா இன்னா ஆவும்?” இளவரசி தறியில் இருந்தபடியே கேட்டாள்.

“மீனு வளக்கலாம்மா.”

அவள் சிரித்தாள். அவள் லேசில் சிரிக்கிறவள் இல்லை. அந்தச் சிரிப்பில்தான் நாங்கள் அவரை நம்பினோம் என்று நினைக்கிறேன்.

“முழுசாவும் காஞ்சிடக் கூடாதுங்க. இழை அறும்” என்றாள்.

“உனக்கு எத்தினி ஈரம் வேணும்னு சொல்லு, அத்தினி வெச்சிட்டுப் போறேன்.” கருவியைப் பையில் போட்டுக்கொண்டே என்னிடம் கேட்டார்: “அந்தாண்ட யாரு?”

“பெரியப்பா பையன்.”

“சுவத்துல பைப்பு கிப்பு போவுதா?”

“பேச்சுவார்த்தை இல்ல” என்றேன். அவர் கேட்டதற்கு அது பதில் இல்லை. அவர் என்னை ஒரு நிமிடம் பார்த்தார்.

“வுடு. நம்ம பக்கத்த நம்ம பாத்துக்குவோம். அவங்களுக்கு ஏன் சொல்லிக்கினு? சொன்னா என் சுவத்துல ஓட்ட போட்டுட்டான்னு வந்து நிப்பாங்க.”

எனக்கு அது பிடித்திருந்தது. ஊரில் ஒருவராவது என் பக்கம் நிற்கிறார் என்று தோன்றியது.

நாலு நாள் வேலை. சுவரின் அடியில் சாணுக்கு ஒன்றாகத் துளை போட்டு மருந்து ஊற்றினார்கள். காரையைக் கொத்தி எடுத்துவிட்டு ரப்பர் மாதிரி சாம்பல் நிறத்தில் ஒரு பூச்சு, அதன் மேல் வெள்ளை பெயிண்ட். கம்பெனியில் இருந்து வந்த பி.எஃப். பணம் அதோடு தீர்ந்தது. பத்து வருஷ வாரண்டி என்று ஒரு கார்டு கொடுத்தார். கிளம்பும்போது கருவியைச் சுவரில் வைத்துக் காட்டினார். கத்தவில்லை. அது வைகாசி மாதம்.

மூன்று மாதம் சுவர் காய்ந்தே இருந்தது. இளவரசி மறுபடி தரையில் தண்ணீர் தெளிக்க ஆரம்பித்தாள். “உன் வாழ்க்கையில உருப்படியா ஒரு வேலை செஞ்ச” என்றாள். எட்டு வயது மகள் மஹாலட்சுமி அந்த வெள்ளைச் சுவரில் பென்சிலால் ஒரு மயில் வரைந்தாள். நாங்கள் திட்டவில்லை.

புரட்டாசியில் பாவின் மேல் பழுப்புத் தூள் விழுந்தது. மேலே இருந்து. ஜக்கார்டுப் பெட்டியின் துரு என்றாள் அவள். கரையான் என்றேன் நான். அர்ஜுனனுக்கு நாலு முறை போன் செய்தேன், எடுக்கவில்லை. அடுத்த வாரம் சுவரின் நடுவில் பூச்சு உப்பியது. முதலில் உள்ளங்கை அளவு. பிறகு முறம் அளவு. கட்டைவிரலால் அழுத்திப் பார்த்தேன். உள்ளே ஏதோ அசைந்தது.

“தொடாத” என்றாள் இளவரசி.

அதற்குள் கிழிந்துவிட்டது. கறுத்த தண்ணீர் நாற்றத்தோடு வழிந்து தறிக்குழிக்குள் ஓடியது. அவள் காலை மடக்கிக்கொண்டு மேலே ஏறினாள். உள்ளே இருந்த செங்கல் டீயில் நனைத்த ரஸ்க் மாதிரி இருந்தது. கையாலேயே வந்தது. ஒன்றை எடுத்தேன், இரண்டை எடுத்தேன். மூன்றாவது செங்கல்லுக்குப் பின்னால் சாம்பல் நிறம் தெரிந்தது. எங்கள் பக்கத்தில் பூசிய அதே சாம்பல்.

“யாருபா அங்க?” என்று சுவருக்குள் இருந்து குரல் வந்தது.

எட்டு வருடம் கழித்து அது சம்பந்தத்தின் குரல்.

“நான்தான்.”

“இன்னா பண்ற?”

“ஒண்ணும் பண்ணல. தானா வுழுந்துச்சி.”

“எங்களாண்டயும் உப்பிக்கினு இருக்குது.”

“யாரு பூசுனது?”

“ஒரு ஆளு. அர்ஜுனன்னு.”

நான் கையில் இருந்த செங்கல்லைக் கீழே வைத்தேன். “எப்ப?”

“ஆனி மாசம். உனக்கு?”

“வைகாசி.”

“உன்னாண்ட சொல்ல வேணாம்னான்.”

“எனக்கும் அதான் சொன்னான்.”

அந்தப் பக்கம் அவர் சிரிக்கிற மாதிரி ஒரு சத்தம், அது இருமலாக முடிந்தது. எதையோ வைத்துப் பூச்சைக் கிழித்தார். ஓட்டை திறந்தது. அவர் முகம் தெரிந்தது. மேல்வரிசையில் இரண்டு பல் போயிருந்தது. பின்னால் ரோஸ் நிற பக்கெட் ஒன்றும் குழாயும் தெரிந்தன.

“அவனுக்குப் போன் போடறியா?” என்றார்.

“என் நம்பர்ல எடுக்க மாட்டான். நீங்க போடுங்க.”

போட்டார். ஸ்பீக்கரில் வைத்துப் போனை ஓட்டையில் நீட்டினார். இரண்டாவது ரிங்கில் எடுத்தான்.

“சொல்லுங்கய்யா.”

“சம்பந்தம் பேசறேன். பக்கத்துல என் தம்பி இருக்கான்.”

“எந்தத் தம்பி?”

“சுவத்துக்கு அந்தாண்ட இருக்கறவன்.”

போனில் டிவி சத்தத்தைக் குறைத்தான். பிறகு, “பேசிட்டீங்களா” என்றான். “நல்லதுதான்.”

“ரெண்டு பக்கமும் மூடிட்டா தண்ணி எங்கய்யா போவும்?” என்றேன்.

“நான் கேட்டேனேபா, பைப்பு போவுதான்னு. பேச்சு இல்லன்னு நீதான சொன்ன? நீங்க பேசிக்கினு இருந்தா நான் ஒரு பக்கம் கூட பூசியிருக்க மாட்டேன்.”

“வாரண்டி இருக்குது.”

“கார்டத் திருப்பிப் பாரு. நாலாவது லைனு.”

இளவரசி கார்டை எடுத்து வந்து படித்தாள். சுவரின் மறுபக்கத்தில் வேறு பூச்சு செய்யப்பட்டால் இந்த வாரண்டி செல்லாது.

“மறுபக்கத்துல பூசுனது நீதானய்யா” என்றாள்.

“யாரு பூசுனாலும் செல்லாதும்மா” என்று சொல்லிவிட்டு வைத்தான். அதன் பிறகு இரண்டு நம்பரையும் எடுக்கவில்லை. ஆள் வேலூர்ப் பக்கம் சைட் பார்க்கிறான் என்றார்கள். போய்ச் சண்டை போட்டிருக்கலாம். சண்டை போட்டால் செங்கல் காயாது.

மறுநாள் மேஸ்திரி ராமராஜன் ஏணி போட்டு ஏறினார். உத்தரத்தின் முனையில் ஸ்க்ரூடிரைவரைக் குத்தினார். பிடி வரைக்கும் போனது. ஏழு உத்தரத்தில் ஐந்து அப்படி. இறங்கி வந்து கையைத் துடைத்தார்.

“ஈர வேட்டியப் பிளாஸ்டிக் கவர்ல போட்டு இறுக்கிக் கட்டி வெச்சா இன்னா ஆவும்? அதான் ஆயிருக்குது. முன்னெல்லாம் ரெண்டு பக்கமும் வேர்த்து வெளிய வந்துக்கினு இருந்துச்சி. வழிய அடைச்சதும் மேல ஏறி, மரம் அத்தினியும் குடிச்சிடுச்சி.”

“சரி பண்ண முடியுமா?”

“ரெண்டு வீட்டுலயும் முட்டு குடுத்து, மேல இருந்து சுவத்தப் பிரிச்சு, புதுசா கட்டணும். ரெண்டு மூணு மாசம். தறியக் கழட்டணும். அவரும் காலி பண்ணணும்.”

“எங்க பக்கம் மட்டும் பண்ணா?”

“சுவத்துக்கு ஏதுபா ஒரு பக்கம்.”

நான் அந்த ஒன்பது அடியை நடந்தேன். சம்பந்தம் உள்ளே உட்காரச் சொன்னார். அவரே காபி போட்டுக் கொடுத்தார். சர்க்கரை அதிகம். மேஸ்திரி சொன்னதைச் சொன்னேன்.

“நான் வித்துட்டேன்பா” என்றார். “பட்டுக்கடைக்காரரு. கொடோனுக்கு. ஆடியில அட்வான்ஸ் வாங்கிட்டேன். ஈரம் தெரிஞ்சா எடுக்க மாட்டாங்கன்னுதான் பூசுனதே. தீபாவளி முடிஞ்சதும் பையனாண்ட போறேன், தாம்பரத்துக்கு.”

“அவங்க இந்த வீட்ட இன்னா பண்ணுவாங்க?”

“இடிப்பாங்க. பொதுச்சுவர வுட்டுட்டு இடிக்கணும்னு பத்திரத்துல எழுதியிருக்குது.”

“அது நிக்காதுண்ணா.”

“தெரியும்.”

தெருவில் யாரோ பாவுக் கட்டையைச் சைக்கிளில் வைத்துத் தள்ளிக்கொண்டு போனார்கள். அவர் அதைப் பார்த்தார்.

“உன் பாகத்தையும் சேத்துக் கேட்டாங்க. ரெண்டும் சேந்தா நல்ல எடம்னாங்க. அவனாண்ட நான் பேச மாட்டேன்னு சொல்லிட்டேன். இப்ப போய்க் கேட்டாலும் எடுக்க மாட்டாங்க, என்னுது மட்டும் போதும்னு வேற பிளான் போட்டுட்டாங்க.”

“வித்துட்டு எங்க தறி போடறது?”

“அதுவும் சரிதான்” என்றார்.

நான் காபியைக் குடித்து முடித்தேன். அவர் என்னைப் பார்த்து மன்னிப்பு கேட்கவில்லை. நானும் கேட்கவில்லை. கேட்டிருந்தாலும் சுவர் அதே நிலையில்தான் இருந்திருக்கும். மாலையில் அவர் பக்கம் ஓட்டையை மறைத்துத் தகரம் அடிக்கும் சத்தம் கேட்டது. பாத்ரூம் என்பதால் அடிக்காமலும் இருக்க முடியாது.

ராமராஜன் தறியைச் சுற்றி ஏழு இரும்பு முட்டு நிறுத்தினார். “இது ஒரு ஆறுதலுக்குதான். ஐப்பசி மழை புடிச்சிக்கிச்சின்னா நான் பொறுப்பு இல்ல. இந்த ரூமுல யாரும் இருக்காதீங்க” என்று சொல்லிவிட்டுப் போனார்.

தறியில் ஒன்றரைச் சேலைக்குப் பாவு மிச்சம் இருந்தது.

“அறுத்துடலாம்” என்றேன்.

“அறுத்துட்டு?”

நான் ஒரு முட்டைப் பிடித்து ஆட்டிப் பார்த்தேன்.

“பாவு முதலாளியுது” என்றாள். “இருவது நாளு. முடிச்சிக் குடுத்தா வேற எங்கனா கூலிக்குத் தறி இருந்தா குடுப்பாரு. பாதியில அறுத்தவளுக்கு எவன் குடுப்பான்?”

கூலிக்குத் தறி எங்கேயும் இல்லை. இருக்கிற தறியே ஆளுக்குப் போதவில்லை என்று அவளுக்கும் தெரியும்.

மறுநாள் காலை அவள் மஹாலட்சுமியைச் செவிலிமேட்டில் தன் அம்மா வீட்டில் விட்டுவிட்டு வந்தாள். இரண்டு கவுன், பள்ளிக்கூடப் பை, தைல டப்பா. திரும்பி வந்து முகம் கழுவிவிட்டு நேராகத் தறி அறைக்குள் போனாள். முட்டுகளுக்கு நடுவில் உடம்பை ஒருக்களித்து நுழைந்து குழிக்குள் காலை இறக்கினாள். நான் எப்போதும் போல ராட்டையை எடுத்துக்கொண்டு பக்கத்தில் நூல் சுற்ற உட்கார்ந்தேன்.

“நீ வெளிய உக்காரு” என்றாள்.

“ஏன்?”

“ரெண்டு பேரும் ஒண்ணா உள்ள இருக்க வேணாம்.”

பாலை இறக்கி வை என்று சொல்வது போலத்தான் சொன்னாள். பாவின் மேல் விழுந்திருந்த தூளைத் துணியால் தட்டினாள். எனக்குப் புரியக் கொஞ்ச நேரம் ஆனது.

“அப்ப நான் உள்ள இருக்கறேன். நீ வெளிய இரு.”

“உனக்கு நெய்யத் தெரியுமா?”

தெரியாது. பதினெட்டு வயதில் அப்பா கற்றுக்கொள்ளச் சொன்னபோது கம்பெனிக்குப் போகிறேன் என்று சொன்னவன் நான்.

ராட்டையைத் தூக்கிக்கொண்டு வாசலுக்கு வந்தேன். வெளியே மேகம் கூடியிருந்தது. கதவைச் சாத்தாதே என்றாள், வெளிச்சம் போதாதாம். நான் சாத்தவில்லை. ராட்டையை வைத்துவிட்டு உட்கார்ந்தேன். உள்ளே மிதிகட்டை இறங்கும் சத்தம் கேட்டது. பிறகு ஊடை நூலோடு நாடா குறுக்கே ஓடும் சத்தம். அது கேட்கிற வரைக்கும் நூல் சுற்றிக்கொண்டிருந்தேன். நடுவில் ஒரு இழை அறுந்து அவள் நிறுத்தினாள். நான் எழுந்து நின்றுவிட்டேன்.

“இழைதான்” என்றாள் உள்ளிருந்து. “உக்காரு.”