டெனிஸ் கழுத்தில் கிடந்த சாவி

ஐஸ் பெட்டியின் கண்ணாடி மூடியைத் தூக்கிப் பிடிக்கச் சொல்லிவிட்டு, செல்லம்மா மகனின் கழுத்தில் அந்தக் கறுப்புக் கயிற்றை மாட்டினாள். தலையில் சுற்றியிருந்த துணிக்கட்டில் அது சிக்கியது. மூடியைப் பிடித்திருந்த ஜீவிதாவின் விரல்கள் மரத்துப்போயின.

"அம்மா, அது எதுக்கு? கழட்டு."

"உங்கண்ணன் குளிக்கிறப்பகூட கழட்ட மாட்டானேடி. போற எடத்துல தேடுவான்."

கயிற்றின் நுனியில் கட்டைவிரல் அளவுக்கு ஒரு சாமான். அம்மாவுக்கு அது ஏதோ பேக்டரி பேட்ஜ். ஜீவிதாவுக்குத் தெரியும், லேப்டாப்பில் செருகினால் அது அண்ணனின் கையெழுத்து. சாவி என்பான்.

டெனிஸ் மறைமலை நகரில் கார் உதிரிபாகக் கம்பெனி ஒன்றில் கான்ட்ராக்ட் ஆள். வீட்டுக்கு வந்தால் லினக்ஸ் வேலை. யாரோ எழுதிப்போட்டுக் கைவிட்ட ஒரு பிரிண்டர் புரோகிராமை, இலவசமாகக் கிடைக்கும் அந்த சிஸ்டத்தில் உடையாமல் ஓடவைப்பது. பேக்கேஜ் மெயின்டெய்னர் என்று பேர். சம்பளம் கிடையாது. எங்கெங்கோ மருந்துக்கடைகளில் பில் அடிக்கிற சின்ன மெஷின்கள் அவனை நம்பி ஓடின. அடிக்கிறவன் எவனுக்கும் அவன் பேர் தெரியாது. போன வாரம் சிஸ்டம் புதுசானதும் மெஷின்கள் நின்றன. உடனே எல்லாருக்கும் அவன் மெயில் முகவரி தெரிந்துவிட்டது. கண்விழித்துச் சரிசெய்தான். சாவியில் கையெழுத்துப் போட்டு அனுப்புவதுதான் பாக்கி. சாயங்காலம் வந்து அனுப்புகிறேன் என்று முதல் ஷிப்டுக்கு பைக்கை எடுத்தவன், ஜி.எஸ்.டி. ரோட்டில் நின்றிருந்த லாரியின் பின்னால் போய் மோதினான். ஓட்டிக்கொண்டே தூங்கியிருப்பான்.

அவன் போன் அவள் கையில் அதிர்ந்தது. இன்னொரு மெயில். பொறுப்பில்லாதவர்கள் ஏன் இந்த வேலைக்கு வருகிறீர்கள் என்று ஒருத்தன் இங்கிலீஷில் கேட்டிருந்தான். பெட்டியை ஒரு போட்டோ எடுத்து அனுப்பலாமா என்று பார்த்தாள்.

"நைட்டெல்லாம் வேல வாங்கினானுங்களே, அந்தக் கம்பேனிலர்ந்து ஒருத்தனாவது வந்தானா?" என்றார் சின்னப்பன். பல்லாவரம் தோல் ஷெட்டில் தேய்ந்த கைகளை முட்டியில் ஊன்றி உட்கார்ந்திருந்தார்.

"அது கம்பெனி இல்லப்பா. எத்தன வாட்டி சொல்றது?"

நிகில் அப்போதுதான் உள்ளே வந்தான். கிழக்குத் தாம்பரத்துக்காரன். டெனிஸோடு அதே லினக்ஸ் வேலை பார்க்கிறவன். அவன் அதைச் சொன்னதும் சின்னப்பன் சட்டைப் பொத்தானைப் போட்டுக்கொண்டு எழுந்தார்.

"கம்பேனி சாரா? சேர் போடும்மா."

அவன் உட்காரவில்லை. பெட்டியருகே நின்று முகத்தையே பார்த்தான். அழவில்லை. உற்று உற்றுப் பார்த்தான்.

"அவன்தான்" என்றான்.

"வேற யாருன்னு நெனச்சீங்க?" என்றாள் ஜீவிதா.

"தப்பா எடுத்துக்காத. நேர்ல பார்த்து, பாஸ்போர்ட்ட பார்த்துதான் நாங்க ஒருத்தர் சாவிய இன்னொருத்தர் ஒத்துக்குவோம். தாம்பரம் ஸ்டேஷன் வாசல்ல டீயக் கையில வெச்சுக்கிட்டு, போட்டோவையும் அவன் மூஞ்சியையும் மாத்தி மாத்திப் பார்த்தேன். 'போட்டோவுல இருக்கறவன் நல்லா இருக்கான் இல்ல?'ன்னு சிரிச்சான். இப்ப, அவன் செத்துட்டான்னும் யாராவது பார்த்து எங்காளுங்களுக்குச் சொல்லணும். சொன்னதும் அவன் சாவி செல்லாம போயிடும். நாந்தான் பக்கத்துல இருக்கேன்."

"சொல்லுங்க. அரை மணி கழிச்சு."

பாதரைக் கூப்பிட அம்மா வாசலுக்குப் போனதும் ஜீவிதா மூடியைத் தூக்கினாள். கயிற்றை உருவினாள். அண்ணனின் கன்னத்தில் கை பட்டது, கல் மாதிரி இருந்தது. உள்ளறையில் லேப்டாப்பைத் திறந்து சாவியைச் செருகினாள். ஒரே மேசையில் படித்தவர்கள். அவன் பாஸ்வேர்டு அவளுக்குப் பழக்கம். சாவியில் பச்சை விளக்கு மினுக்கத் தொடங்கியது. விரலால் தொட்டால் போதும், கையெழுத்து விழுந்துவிடும்.

நிகில் கதவருகே நின்றான். "வேணாம் ஜீவிதா. என் பேர்ல அனுப்பறேன். சரிசெஞ்சது டெனிஸ்னு உள்ள எழுதறேன்."

"உள்ளயா? அத எவன் படிப்பான்?"

"எவனும் படிக்க மாட்டான்."

"இதுக்காகத்தான் செத்தான். அவன் கையெழுத்துல போகட்டும்."

"தொட்டா போயிடும். அப்புறம் தேதி பார்ப்பாங்க. செத்தவன் சாவிய வேற யாரோ வெச்சிருக்காங்கன்னு ஆயிடும். இத்தன வருஷமா அவன் அனுப்பினது ஒண்ணொண்ணையும் சந்தேகப்படுவாங்க. பரவால்லயா?"

அவள் விரல் சாவியின் மேலேயே நின்றது. விளக்கு மினுக்கியது. வெளியே ஜெபம் தொடங்கிவிட்டது.

"ஜீவி, மூடப் போறாங்க!" என்று அப்பா கூப்பிட்டார்.

மினுக்கிக்கொண்டிருக்கும்போதே பிடுங்கினாள். "எடுத்துக்கங்க. அண்ணன் சரிசெஞ்சத காப்பி பண்ணிட்டு அப்படியே வெச்சுட்டுப் போங்க" என்று லேப்டாப்பை அவன் பக்கம் தள்ளிவிட்டு ஓடினாள். அதற்குள் அண்ணனைச் சவப்பெட்டிக்கு மாற்றியிருந்தார்கள். கயிற்றை மாட்டி, சாவியைச் சட்டைக்குள் விட்டு, பொத்தானைப் போட்டாள்.

கல்லறையிலிருந்து திரும்பியபோது வாடகை நாற்காலிகளை வண்டியில் ஏற்றிக்கொண்டிருந்தார்கள். உள்ளறையில் லேப்டாப் திறந்தே கிடந்தது. திரையின் நடுவே ஒரு சின்னக் கட்டம்.

"இன்னாம்மா கேட்டுகினு கீது அது?" என்றார் சின்னப்பன்.

"அண்ணன் சாவியப் போடச் சொல்லுதுப்பா."

அவர் அதையே பார்த்தார். மூலையில் பேட்டரி சிவப்பாகியிருந்தது. மேசைக்கடியில் குனிந்து, தேடி, சார்ஜரை எடுத்துச் செருகி சுவிட்சைப் போட்டார்.