வெள்ளைக்காரம்மா சைக்கிள் கிராங்க்

ஜப்பான்காரன் வருவதற்கு முன்பு, குருண் டவுன் பக்கத்துத் தோட்டத்தில் ரப்பர் பாலைச் சைக்கிளில் மேட்டின் மேல் அதை உறையவைக்கும் ஸ்டோருக்குக் கொண்டுபோகும் வேலை என் வீட்டுக்காரர் அம்மாசியின் கையைவிட்டுப் போகவிருந்தது.

"பாலுக்கு ரெண்டு பேரு வேணாம், ஒரு ஆளு போதும்னு தொரை சொல்லிட்டாரு. நாளைக்குப் பாலோட யாரு முதல்ல மேட்டுல ஏறுறானோ அவனுக்குத்தான் வேலை. மத்தவன் மெர்போக்குக்குக் காடு வெட்டப் போகணும்" என்றார் கங்காணி.

என் வீட்டுக்காரர் குளிர்காய்ச்சலில் பிழைத்து எழுந்தே ஒரு மாதம் ஆகவில்லை. காட்டுக்குப் போனால் உயிரோடு திரும்ப மாட்டார். போட்டிக்கு நின்ற குழந்தைவேலுவோ பனைமரம். இவர் அவன் தோளுக்குக்கூட வரமாட்டார்.

இவர் செய்த கூத்தைக் கேளுங்கள். கடப்பாரை நீளமாக இருந்தால் அடிக்கட்டையைச் சுலபமாகப் பெயர்க்கலாம் இல்லையா? அதே கணக்கில், சைக்கிள் பெடலைத் தாங்கும் இரும்புக் கையை, அதாவது கிராங்கை, இருப்பதிலேயே நீளமாகப் பார்த்து மாட்டியிருந்தார். மிதித்தால் முழங்கால் நெஞ்சுக்கு வந்தது. வளைவில் பெடல் வேரில் இடித்துப் பாலோடு விழுந்தார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"கடப்பாரைய கையால நெம்புறீங்க. இத காலால சுத்தணும். அது உங்களோட குட்டைக் கால்தானே!"

அன்றைக்கே குருணில் ஜபருல்லா அண்ணனின் சைக்கிள் கடைக்கு இழுத்துக்கொண்டு போனேன். அவர் இவரை மிதிக்கச் சொல்லி முழங்காலையே பார்த்தார். பிறகு மூலையில் கிடந்த வெள்ளைக்காரம்மா சைக்கிளிலிருந்து குட்டைக் கிராங்கைக் கழற்றினார்.

"உங்க காலுக்கு இது போதும்லா தம்பி. லேசா சுத்தும். ஆனா பொம்பள சைக்கிளோடதுன்னு சிரிப்பானுங்க."

"சிரிக்கட்டும்" என்றேன்.

மறுநாள் எல்லோரும் சிரித்தார்கள். "சேலையும் கட்டி விடுங்கக்கா!" என்றான் குழந்தைவேலு.

இவர் காதில் வாங்காமல் கிளம்பினார். கால்கள் படபடவென்று சுற்றின. முழங்கால் எங்கும் இடிக்கவில்லை. மேட்டு வளைவில் குழந்தைவேலுவின் நீளக் கிராங்கிலிருந்த பெடல் வேரில் மோதியது. அவன் இறங்கித் தள்ளினான். இவர் இறங்கவே இல்லை. ஸ்டோர் வாசலில் ஒரு சொட்டுப் பால் சிந்தாமல் நின்றார். ஐயோ, எனக்கு அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்தன!

"வேலை அம்மாசிக்கு" என்றார் கங்காணி.

குழந்தைவேலு மூச்சு வாங்கிக்கொண்டே என் பக்கத்தில் வந்தான். "அக்கா, மெர்போக் வழியும் மேடுதான். அந்தப் பொம்பள சைக்கிள் கிராங்க் எனக்கும் ஒரு சோடி கிடைக்குமா?"

"உன் நெட்டைக் காலுக்கு அது ஆகாதுடா. அண்ணன் கடைக்குப் போய் முதல்ல முழங்காலைக் காட்டு" என்றேன்.